வாப்பா மேல் ஆளுக்கொரு சந்தேகம்

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள். "சிறு வயதிலேயே மனித மனத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவர்." யார் இதை முதலில் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது எழுந்துபோய் மைக்கைப் பிடுங்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன். ஆர்வமாவது மண்ணாவது. எனக்கு இருந்தது சந்தேகம். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே இருந்தது. உப்பு, புளி போலச் சந்தேகமும் எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பில் இருக்கும். அதில் பெரும்பங்கு வாப்பா மேல்.

அறுபதுகளின் தொடக்கம். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் தெரு. வாப்பா பினாங்கில் இருந்தார். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவரை எங்கள் ஜனங்கள் சபராளி என்பார்கள். தெருவில் பாதி வீடு சபராளி வீடுதான். வாப்பாவுக்கு அங்கே ஒரு ஜவுளிக் கடையில் பங்கு என்று பேச்சு. எங்கள் வீட்டுக்குப் பெயரே 'பினாங்குக் கடைக்காரர் வீடு'. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயில் பிடித்து வீடு வந்து சேர்வார். கொஞ்ச காலம் இருப்பார், மறுபடி போய்விடுவார். நான் ஒரே மகள். அவரோடு இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளோடு பழகிய அளவுக்குக்கூட வராது.

சபராளி வந்த அன்று சாயங்காலம் பெட்டி பிரிப்பது வழக்கம். சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும். எல்லோர் கண் முன்னாலும்தான் பூட்டைத் திறக்க வேண்டும். தனியாகத் திறந்தால் எதையோ ஒதுக்கிவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். தைலம், நைலான் சேலை, கைலி, டார்ச் லைட், பிஸ்கட் டின் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வாங்கிக்கொண்டவர்கள் அப்படியே அடுத்தவர் மடியில் என்ன விழுந்தது என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"பொட்டிய என்னாடி பாக்குற? உங்க வாப்பா மூஞ்சியப் பாரு. எதை எடுக்கையில மூஞ்சி மாறுதுன்னு பாத்துச் சொல்லு."

எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி வேலை அதுதான். சம்பளம் கிடையாது, கிள்ளு மட்டும் உண்டு. பார்த்தேன். வாப்பா முகம் எதற்கும் மாறவில்லை. பெட்டி காலியானபோது மட்டும் அதில் ஒரு நிம்மதி வந்தது, பரீட்சை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு வருமே, அது. அதை அப்படியே உம்மாவிடம் சொன்னேன்.

"பாத்தியா? அவளுக்கு வாங்குனதை அங்கயே குடுத்துட்டு வந்துட்டாரு. இங்க ஒண்ணும் ஆப்புடலயேன்னு நிம்மதி."

'அவள்' என்று ஒருத்தி இருப்பதாக அன்றைக்குத்தான் முதலில் கேள்விப்பட்டேன். உம்மா அவளைப் பார்த்ததில்லை, அவளைப் பற்றி யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் உம்மாவிடம் சாட்சி இருந்தது. வாப்பா சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கழுவிக் கவிழ்த்துவிடுவார். எங்கள் ஜனங்களில் எந்த ஆம்பளையும் அப்படிச் செய்ய மாட்டார். அதுவும் சபராளி ஊருக்கு வந்திருக்கும்போது, கை கழுவுகிற தண்ணீரும் பாத்திரமும் அவர் உட்கார்ந்த இடத்துக்கே போகும். உம்மா ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்குவதற்குள் இவர் கழுவி முடித்திருப்பார். உம்மாவுக்கு முகமெல்லாம் கறுத்துவிடும்.

"எந்தப் பொம்பள பழக்கிவுட்டாளோ, தன் எச்சித் தட்டைத் தானே கழுவுற அளவுக்கு வச்சிருக்கா. நான் இத்தனை வருஷம் கெடந்து என்னா கண்டேன்?"

அந்தத் தட்டை வைத்தே உம்மா அவளை முழுசாக உருவாக்கிவிட்டாள். படித்தவள். சோம்பேறி. உயரமானவள். வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும் இருக்கலாம், அதனால்தான் வீட்டு வேலையை இவர் தலையில் கட்டியிருக்கிறாள். வருஷம் போகப் போக அவளுக்கு ஒரு குடையும் மூக்குக் கண்ணாடியும்கூட வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் எத்தனையோ பேருடைய மனப்பிரமைகளைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் வேறொன்று இடித்தது. வாப்பா தட்டைக் கழுவுகிற வேகம். ஒரு பெண்சாதிக்குப் பயந்து கழுவுகிறவர் அவ்வளவு வேகமாகக் கழுவ மாட்டார். உம்மாவிடம் இதைச் சொன்னால் இன்னொரு கிள்ளு விழும் என்று சொல்லவில்லை.

எனக்குப் பதிமூன்று வயதானபோது பெரியவளானேன். எங்கள் தெருவில் அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது என்று அர்த்தம். என்னோடு படித்த தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பேசுவார்கள். வாப்பா இல்லாத வீட்டில் உம்மாவின் அண்ணன்தான் எல்லாம். அந்த மாமாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக் கடை. வந்து கூடத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், "இனிமே போதும்" என்றார். நான் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். கணக்கில் வகுப்பிலேயே முதலில் வருகிறவள் நான். கயிறு விற்கிறவர் எனக்குப் போதும் என்கிறார்.

அந்த வருஷம் வாப்பா ஊரில் இருந்ததால் தப்பித்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "படிக்கட்டும் மச்சான்" என்றார். அவ்வளவுதான். மாமா வாயை மூடிக்கொண்டார். பினாங்கில் கடை வைத்திருப்பவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அன்றே புரிந்துவிட்டது: நான் படிப்பது அந்தக் கடையின் மேல். கடை நிற்கிற வரைக்கும்தான் என் படிப்பும் நிற்கும்.

மாமாவுக்கும் வாப்பா மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அவருடையது வேறு ரகம். அவருக்கு ஒரு மகன், எந்த வேலையிலும் ஒட்டாதவன். வாப்பா வருகிற ஒவ்வொரு தடவையும் மாமா கேட்பார்.

"மச்சான், பையனைக் கூட்டிட்டுப் போயி உங்க கடையில ஒரு மூலையில ஒக்கார வையுங்களேன்."

"இன்ஷா அல்லாஹ், பாக்கலாம் மச்சான். பெர்மிட்டு கெடைக்கிறது ரொம்பக் கஷ்டமா இருக்குது."

பெர்மிட்டு மற்றவர்களுக்கெல்லாம் எப்படிக் கிடைக்கிறது என்று மாமா தெருவில் கேட்டுக்கொண்டு திரிவார். கடையில் வருமானம் ஜாஸ்தி, அதை மச்சான் மகன் கண்ணில் காட்டப் பயப்படுகிறார் என்பது அவர் கட்சி. ஆக, உம்மாவுக்கு ஒரு பெண், மாமாவுக்கு ஒரு பணமூட்டை. நான் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். வீட்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதே எனக்குப் பொழுதாகப் போயிற்று.

பியூசி முடித்து, அண்ணாமலை நகரில் மனோதத்துவம் எடுத்துப் பி.ஏ. சேர்ந்தேன். ஏன் அந்தப் பாடம் என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மனிதர்கள் பொய் சொல்லும்போது எங்கே தெரியும் என்று அதில் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். வேறு காரணம் கிடையாது. தெருவில் அதற்குப் பைத்தியக்காரப் படிப்பு என்று பெயர் வந்தது. லீவுக்குப் போனால் பெண்கள் என் எதிரே பேச்சை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பதைக் கண்ணாலேயே எடுத்துவிடுவேனாம். அதே பெண்கள் தனியாக வந்து, "எம்மருமவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா" என்று கூப்பிடுவார்கள். சர்க்கரை போட்ட காபி தருவார்கள். நானும் குடித்துவிட்டு, "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு வருவேன். மருமகள்கள் எல்லோரும் எனக்குக் கடமைப்பட்டவர்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில். துப்பட்டி போர்த்திக்கொண்டு ஏறுவேன், கிள்ளை ஸ்டேஷன் தாண்டியதும் அதை மடித்துப் பைக்குள் வைப்பேன். திரும்பும்போது அதே இடத்தில் எடுத்துப் போர்த்திக்கொள்வேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் மாமாவின் ஆள் என்றுதான் தோன்றும். வெற்றிலைக்காரர், போஸ்டல் சூப்பரின்டெண்ட், கைக்குழந்தைக்காரி, யாரையும் நான் விட்டுவைக்கவில்லை.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒரு எளிய பரிசோதனை உண்டு. ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரத்திலேயே பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். கண் ஒரு பக்கம் போ என்னும், கை பழகிய பக்கமே போகும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குத் தனியாக ஒரு ஞாபகம் இருக்கிறது, வாய் மறைத்தாலும் அது மறைக்காது என்று மனதில் விழுந்தது. இத்தனை நாளும் முகத்தையே பார்க்கச் சொன்ன உம்மா மேல் கோபமாகக்கூட வந்தது.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வாப்பா ஊருக்கு வந்தார். என்னைப் பார்க்கச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், செண்டு வாசனை. ஹாஸ்டல் வார்டன் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். என்னை ரயிலடிப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார். மத்தியான நேரம், கூட்டம். எங்களுக்குக் கிடைத்த மேஜையில் முன்னால் சாப்பிட்டவர்களின் டம்ளர்களும் சிந்திய சாம்பாரும் அப்படியே கிடந்தன. துடைக்கிறவர் அந்தக் கோடியில் இருந்தார்.

வாப்பா என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், பரீட்சை எப்போது என்றோ என்னவோ. பேசிக்கொண்டே அவருடைய வலது கை நீண்டது. நான்கு டம்ளர்களையும் விரல்களை உள்ளே விட்டு ஒரே பிடியில் தூக்கிற்று. இடது கையின் ஓரம் மேஜையை அரைவட்டமாக ஒரே இழுப்பில் வழித்து, ஈரத்தையும் பருக்கையையும் விளிம்புக்குக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு கீழே விழவில்லை. அவர் கண் என் மேல்தான் இருந்தது. கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது.

துடைக்கிறவர் ஓடிவந்தார். பார்த்தார். சிரித்துவிட்டார்.

"என்னா பாய், நம்ம லைன்லதான் இருந்தீங்களா? எந்த ஊர் ஓட்டலு?"

வாப்பா டம்ளர்களை மேஜையில் வைத்தார். "எல்லா ஓட்டல்லயும் சாப்ட்டுருக்கேன்" என்றார். சிரித்தார். முகம் நன்றாகத்தான் ஒத்துழைத்தது. ஆனால் அந்தக் கைகள் இரண்டையும் எடுத்து மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். சாப்பாடு வந்தது. உப்பு குறைவு என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அன்றைக்கு ஹாஸ்டல் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஜவுளிக் கடை இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் எடுத்து, தட்டுக் கழுவுகிறார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் செய்த கை அல்ல அது. உம்மாவின் படித்த சோம்பேறிப் பெண்ணும் மாமாவின் பணமூட்டையும் அந்த ஓட்டல் மேஜையிலேயே ஒன்றாகக் காலியாகிவிட்டன. அதோடு என் படிப்பும் காற்றில் நிற்கிறது என்று தெரிந்தது. யாருக்காவது தெரிந்தால் வாப்பாவின் "படிக்கட்டும்" அதோடு செல்லாக்காசு.

அடுத்து வந்த லீவிலேயே சோதனை வந்தது. மாமா தன் மகனுக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வாப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, பாஸ்போர்ட்டை அவர் முன்னால் பாயில் வைத்தார்.

"மச்சான், இந்தத் தடவை பெர்மிட்டுன்னு சொல்லாதீங்க. அதுக்கும் ஆள் புடிச்சிட்டேன். கையோட கூட்டிட்டுப் போங்க."

வாப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"இல்லன்னா ஒண்ணு சொல்லுங்க. கடை நட்டத்துல ஓடுதுன்னு சொல்லுங்க. நட்டத்துல இருக்கறவரு பொட்டப்புள்ளைய ஆஸ்டல்ல வச்சிப் படிக்க வைக்க வேணாம். மங்கலம்பேட்டையிலேர்ந்து இவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு நல்ல நாளு பாப்போம்."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். தப்பிக்க ஒரு சந்து கிடையாது. பையனைக் கூட்டிப் போனால் அவன் கப்பலை விட்டு இறங்கிய அன்றே குட்டு உடைந்துவிடும். முடியாது என்றால் கடை நட்டம், எனக்கு மங்கலம்பேட்டை. எந்தப் பக்கம் போனாலும் நான் புத்தகத்தை மூட வேண்டியதுதான். வாப்பாவின் கைகளைப் பார்த்தேன். வெற்றிலையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார்.

அப்போது உம்மா வெடித்தாள். இத்தனை வருஷமும் என் தொடையைக் கிள்ளியும் சுவரைப் பார்த்துப் பேசியும் தீர்த்துக்கொண்டதை, முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"அண்ணே, எதுக்கு அவர்கிட்ட மல்லுக்கு நிக்கிறீங்க? அவரு கூட்டிட்டுப் போவ மாட்டாரு. போனா அங்க ஒருத்தி இருக்கறது தெரிஞ்சிடுமில்ல? கேளுங்க. இருக்காளா இல்லையான்னு கேளுங்க."

வாப்பா தலை நிமிர்ந்தார். உம்மாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆமா. இருக்கா."

மாமா பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு வேகமாக எடுத்தார் என்றால், அதுவரை அது பாயில் கிடந்ததே அவருக்கு அவமானம் போல. "எந்தங்கச்சியோட சக்களத்தி ஆக்கிப் போடுற சோத்த எம்மவன் திங்கணுமா?" என்று எழுந்தார். மகனை அனுப்புகிற பேச்சு அந்த நிமிஷத்தோடு செத்தது. கடை மட்டும் சேதாரமில்லாமல் நின்றது. இரண்டு குடும்பத்தை நடத்துகிற கடை என்றால் பெரிய கடையாகத்தானே இருக்க வேண்டும்.

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பழக்க தோஷம். அவள் அழுவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அந்த முகத்தில் வந்தது வேறு. எத்தனையோ வருஷம் ஒருத்தரும் நம்பாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தவளை, கடைசியில் எதிராளியே எழுந்து நின்று நீ சொன்னது சரி என்று சொன்னால் எப்படி இருக்கும்? முதுகு நிமிர்ந்துவிட்டது அவளுக்கு. பிறகுதான் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"எம்மவ படிப்பா. எந்த ஆம்பளையோட வாய்ப் பேச்சையும் நம்பிக் கெடக்க வேணாம் அவ. மங்கலம்பேட்டையும் வேணாம், ஒரு பேட்டையும் வேணாம். செலவ நீங்கதான் பாக்கணும், சொல்லிட்டேன்."

"பாக்குறேன்" என்றார் வாப்பா.

தட்டுக் கழுவுவது திருட்டு இல்லையே, அதைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவர் மேல் கோபப்பட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், மனதுக்குள். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டாவது கட்டினார் என்றால் ஒரு மாதம் பேசுவார்கள், பிறகு சலாம் சொல்வார்கள். எச்சில் எடுக்கிறவர் கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் என்றால் எங்களைப் பார்த்து மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள். உம்மாவால் ஒரு சக்களத்தியோடு வாழ முடியும். அந்தச் சிரிப்போடு வாழ முடியாது. வாப்பா பெண்சாதியை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தார், வருஷக்கணக்கில் கூட இல்லாமலேயே. எனக்கு அது இன்றும் ஆச்சரியம்.

புறப்படும் அன்று அவரை ரயிலேற்ற நானும் போனேன். உம்மா வரவில்லை. பிளாட்பாரத்தில் தனியாக இருந்தபோது, அடக்க முடியாமல் கேட்டேன். சந்தேகம் என்பது நோய்தானே, உறுதிப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது.

"வாப்பா, அவுங்க பேரு என்னா?"

தண்டவாளத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

"உங்க உம்மா என்னா பேரு வச்சிருக்காளோ, அதான்."

இது ஒப்புதலா, சமாளிப்பா என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஒருவர் வாப்பா கொடுத்துவிட்ட பொட்டலத்தோடு ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், வாப்பா வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையிலேயே மாவு பிசைகிறவர். நான் அவரைச் சும்மா விடவில்லை. அங்கே எங்கே தங்குகிறீர்கள், யார் யார், வாப்பா வேறு வீட்டுக்குப் போவாரா என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டேன்.

"வேற வூடா? சமையக்கட்டுக்குப் பின்னால எல்லாரும் ஒண்ணாத்தான்மா படுப்போம். உங்க வாப்பா பெருநா அன்னைக்குக்கூட லீவு போட மாட்டாரு. என்னா பாய் இப்புடி மாடு மாதிரி ஒழைக்கிறீங்கன்னு கேட்டா, மக காலேசு படிக்குதும்பாரு."

அவர் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். எனக்கு ஒரு ஃபவுண்டன் பேனாவும் உம்மாவுக்கு ஒரு சேலையும் இருந்தன. அந்த வாசல் மரத்தடியில் நின்று வாப்பாவைத் திட்டிக்கொண்டே அழுதேன். சேலையை உம்மாவிடம் கொடுத்தபோது அவள் மூக்கருகே வைத்து முகர்ந்துபார்த்துவிட்டு, "அவ கட்டிப் பாத்துட்டுக் குடுத்திருப்பா" என்றாள். பிறகு அதை வெள்ளிக்கிழமைகளில் கட்டிக்கொண்டாள்.

நான் எம்.ஏ. முடிக்கிற சமயத்தில் வாப்பா உடம்புக்கு முடியாமல் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அந்தத் தடவை பிரிக்கப் பெட்டி எதுவும் இல்லை. நெஞ்சில் சளி, மூச்சு முட்டல். உம்மா அவருக்குக் கஞ்சி ஊற்றினாள், மருந்து கொடுத்தாள், துணி துவைத்துப் போட்டாள், ஆனால் பேசவில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி, நான் அவரிடம் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். வாப்பா அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்ட மாதிரியே தெரியவில்லை, ஒப்புக்கொண்ட சம்பளம் போல வாங்கிக்கொண்டார். உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒரு நாள் கண்ணால் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் வாப்பா மவுத்தானார்.

உம்மா அழவில்லை. வந்த பெண்கள் அதைக் கவனித்தார்கள், ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். புருஷன் இறந்தால் பெண்சாதி வெளியே வராமல், பூ வைக்காமல், நல்ல துணி உடுத்தாமல் உள்ளேயே இருக்கிற காலத்துக்கு இத்தா என்று பெயர். உம்மா உள்ளறையில் இத்தாவில் உட்கார்ந்தாள். முகம் கல்லாக இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"பினாங்குக்குச் சேதி சொல்லியாச்சா?"

"யாருக்கு உம்மா?"

"என்னாடி கேள்வி? அவளுக்குத்தான். அவளுக்கும் இத்தா கடமைல்ல? சேதி தெரியாம அவ பாட்டுக்குப் பூ வச்சிக்கிட்டுத் திரிஞ்சான்னா அந்தப் பாவம் நம்ம தலையிலல்ல விழும். போயி ஒரு தந்தி அடிச்சிட்டு வா."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. உம்மா, அப்படி ஒருத்தி கிடையாது. உங்கள் புருஷன் உங்களைத் தவிர யாரையும் தொட்டதில்லை. சொன்னால் அவள் கேட்பாள், பின்னே ஏன் ஆமாம் என்றார்? அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போஸ்டாபீசுக்குப் போனேன். தந்தி கவுண்டர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

"அடிச்சாச்சு உம்மா."

அதற்குப் பிறகு அவள் தினமும் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் என்னைப் பார்ப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் கேட்டாள்.

"அங்கேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு உம்மா. அங்க இருக்கறவங்க எழுதியிருந்தாங்க."

"சேதி கேட்டு அழுதாளாமா?"

பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பற்றி அதற்குள் நான் நிறையப் படித்திருந்தேன். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதாங்களாம். ரொம்ப அழுதாங்களாம்."

உம்மா பார்வையை வாசல் பக்கம் திருப்பினாள். "அழுவாதான். அவளுந்தானே அவர வச்சிப் பொழச்சா" என்றாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வாப்பா போன பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான்.